யானை ஒன்றா, பலவா?



இலக்கிய வட்டத்தின் மேடையில் விலங்கியல் பேச வந்திருக்கிறேன். இதற்கு நான் பொறுப்பல்லேன். சென்ற மார்கழிக் கூட்டத்தில் இங்கே வாசிக்கப்பட்ட ஒரு கவிதையே பொறுப்பு. பொதிகையில் மேயும் யானையையும் ஈழத்து வன்னிக் காட்டில் மேயும் யானையையும் அக்கவிதை உடன்பிறப்புகள் என்றது. கடல் பிரித்து வைத்த ஒரே இனம் என்றது. வாசித்து முடித்ததும் நம் மூத்த உறுப்பினர் ஒருவர் எழுந்து, 'இலங்கை யானை வேறு இனம் என்று என் பேத்தியின் புத்தகத்தில் போட்டிருக்கிறதே' என்றார். கவிஞரும் விடவில்லை. தேநீர் ஆறிப் போகும் வரை வாதம் நடந்தது. கடைசியில் செயலாளர் என் பக்கம் திரும்பி, 'ஐயா கல்லூரியில் முப்பது ஆண்டு இதைத்தானே நடத்தினீர்கள், தீர்ப்புச் சொல்லுங்கள்' என்றார். 'இருவர் சொல்வதும் சரி' என்று சொல்லித் தப்பித்துக்கொண்டேன். வீடு போய்ச் சேர்ந்த பின் அந்த விடை எனக்கே பிடிக்கவில்லை. இன்றைய பேச்சு அதற்குப் பரிகாரம் என்று கொள்ளுங்கள்.

முதலில் சொல்லைப் பார்ப்போம். 'இனம்' என்ற சொல் தமிழில் சுமக்கும் பாரம் கொஞ்சமல்ல. எழுத்தில் வல்லினம், மெல்லினம், இடையினம் உண்டு. யாப்பில் பா ஒரு புறமும், தாழிசை, துறை, விருத்தம் என்னும் பாவினம் ஒரு புறமுமாக நிற்கின்றன. உறவினர் இனசனம். மேடையில் 'நம் இனம்' என்றால் அது முற்றிலும் வேறு. இவ்வளவு பொருளையும் தாங்கிய ஒரு சொல்லை அறிவியல் கடன் வாங்கும்போது அடைமொழி இன்றியமையாததாகிறது. ஆகவேதான் பாடநூலார் 'பேரினம்', 'சிற்றினம்' என்று பிரித்தனர். சிற்றினத்துக்கும் உள்ளே ஒரு பிரிவு தேவைப்பட்டபோது 'துணைச் சிற்றினம்' என்றனர். சுருக்கமாகத் துணையினம் எனலாம். நம் இரு உறுப்பினரும் ஒரே சொல்லைச் சொன்னார்கள்; கவிஞர் மனத்தில் இருந்தது சிற்றினம், பெரியவர் பேத்தியின் புத்தகத்தில் இருந்தது துணையினம். வாதத்தின் பாதி அங்கேயே தீர்ந்தது. மறு பாதிதான் கடினம்.

சிற்றினம் என்பது யாது? தோற்றத்தை வைத்துச் சொல்வதானால் குழந்தையும் சொல்லும். ஆனால் தோற்றம் ஏமாற்றும். 1942இல் எர்ன்ஸ்ட் மேயர் என்னும் உயிரியல் அறிஞர் வகுத்துக் கொடுத்த இலக்கணம் இன்றும் பெரும்பாலோர் கையில் இருக்கிறது. இயற்கையில் தமக்குள் கூடி வழிவழியாகச் சந்ததி பெருக்கும் கூட்டம் ஒரு சிற்றினம். அத்தகைய வேறொரு கூட்டத்தோடு அது கலந்து ஒன்றாகிவிடுவதில்லை. கோடு எங்கே இருக்கிறது என்பதைத் தீர்மானிப்பவை விலங்குகளே. நாம் அதைப் பார்த்து எழுதிக்கொள்கிறோம், அவ்வளவே.

'இயற்கையில்' என்ற சொல்லை அழுத்திச் சொல்கிறேன். 1978 சூலையில் இங்கிலாந்தின் செஸ்டர் விலங்குக் காட்சிச் சாலையில் ஆப்பிரிக்க ஆண் யானைக்கும் ஆசியப் பெண் யானைக்கும் ஒரு கன்று பிறந்தது. மோட்டி என்று பெயரிட்டார்கள். பத்தே நாள் உயிரோடிருந்தது. அவ்விரண்டும் சிற்றினத்தால் மட்டுமன்றிப் பேரினத்தாலேயே வேறானவை. கடலுக்கு இப்பாலும் அப்பாலும் வாழ்ந்த இரண்டை ஒரே கொட்டடியில் மனிதன் கட்டினால் நடப்பதை வைத்து இலக்கணம் எழுத முடியாது. கன்று பிறந்ததே, ஆகவே ஒன்றுதான் என்று வாதிட எவராவது வந்தால், மோட்டியைச் சொல்லுங்கள்.

இனித் துணையினம். ஒரே சிற்றினம் பரந்த நிலப்பரப்பில் வாழும்போது, மலையோ கடலோ பாலையோ குறுக்கிட, அந்தந்த வட்டாரத்துக் கூட்டத்துக்கு ஒரு சாயல் படிகிறது. நிறம், உடலளவு, தந்தம், மண்டையோட்டின் வடிவு என்று ஏதோ ஒன்றில் பிற வட்டாரத்தாரிடமிருந்து அடையாளம் காணும் அளவுக்கு வேறுபாடு தோன்றினால், அந்த வட்டாரக் கூட்டத்துக்கு மூன்றாம் பெயர் ஒன்றைச் சூட்டுகிறார்கள். அதுவே துணையினம். எல்லையில் இரண்டும் சந்தித்தால் தடையின்றிக் கலக்கும்.

இதிலிருந்து விளைவது ஒன்று உண்டு. என் மாணவர்கள் எத்தனை முறை சொன்னாலும் மறந்துவிடுவார்கள். ஒரே சிற்றினத்தின் இரு துணையினங்கள் ஒரே காட்டில் நிலையாக வாழ்ந்து தனித்தனியே பெருக முடியாது. கலந்துவிடும், கலந்தால் பெயர் போய்விடும். ஒரே காட்டில் தலைமுறை தலைமுறையாகக் கலவாமல் நிற்கின்றன என்றால் அவை துணையினங்களல்ல, தனித்தனிச் சிற்றினங்கள். வேடிக்கையான இன்னொன்றும் உண்டு. ஒரு சிற்றினத்துக்கு ஒரே ஒரு துணையினம் இருக்க இயலாது. ஒன்றுமே இல்லாதிருக்கலாம், இருந்தால் இரண்டாவது இருந்தாக வேண்டும். துணை என்ற பெயர் பொருந்தித்தான் வந்திருக்கிறது.

கருஞ்சிறுத்தை துணையினமா என்று கேட்பார்கள். இல்லை. ஒரே தாய் ஈன்ற குட்டிகளில் ஒன்று கறுப்பாகவும் ஒன்று புள்ளியோடும் இருக்கலாம். காங்கேயம் காளையும் உம்பளச்சேரி மாடும் துணையினங்களல்ல. மனிதன் தேர்ந்து வளர்த்த வகைகள். மனிதனைப் பற்றிய கேள்வியும் வரும் என்பதால் இங்கேயே சொல்லிவிடுகிறேன். 1758இல் லின்னேயஸ் மனிதரையும் கண்டத்துக்கொன்றாக நான்காகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு குணத்தையும் எழுதி வைத்தார். அது அறிவியலின் பெயரால் நடந்த பெரும்பிழைகளில் ஒன்று. மனிதரிடையே உள்ள மரபணு வேறுபாட்டில் ஏறத்தாழ நூற்றுக்கு 85 பங்கு ஒவ்வொரு கூட்டத்துக்குள்ளேயே அடங்கிவிடுகிறது என்று 1972இல் லெவொண்டின் கணக்கிட்டுக் காட்டினார். இன்று வாழும் மனிதரில் துணையினம் என்று பிரிக்க எதுவுமில்லை. நம் கவிதைகளில் வரும் 'இனம்' மொழியாலும் வரலாற்றாலும் ஆனது. விலங்கியலை அதற்குச் சாட்சிக்கு அழைக்க வேண்டாம்.

எவ்வளவு வேறுபட்டால் மூன்றாம் பெயர்? அங்கேதான் நம் கை நுழைகிறது. 1949இல் அமடன் என்பவர் முக்கால் பங்கு விதி என்று ஒன்றை விளக்கி எழுதினார். ஒரு கூட்டத்தில் நூற்றுக்கு 75 விலங்குகளையாவது அடுத்த கூட்டத்திலிருந்து பிரித்தறிய முடிந்தால் பெயரிடலாம் என்பது அதன் சாரம். ஏன் 75? ஏன் 90 கூடாது? வசதி என்பதற்குமேல் விடையில்லை. நான்காண்டு கழித்து, 1953இல், வில்சன், பிரவுன் என்ற இருவர் துணையினம் என்ற வழக்கையே கைவிடலாம் என்று எழுதினர். நிறத்தை வைத்துக் கோடு போட்டால் ஓரிடத்தில் விழுகிறது. உடலளவை வைத்துப் போட்டால் வேறிடத்தில் விழுகிறது. எந்தக் கோட்டை நம்புவது என்பது அவர்கள் கேள்வி. அந்தச் சச்சரவு இன்றும் ஓயவில்லை. புலியை எட்டு, ஒன்பது எனப் பிரித்து வந்தவர்கள் இருக்க, 2017இல் பூனைக் குடும்ப வல்லுநர் குழு இரண்டே துணையினம் என்றது. மறு ஆண்டே மரபணுத் தொகுதியை ஆராய்ந்த வேறொரு குழு ஆறு என்றது. இவ்வளவுக்கும் இடையில் புலி தன்பாட்டுக்கு இருந்தது.

இதை வட்டார வழக்கோடு ஒப்பிட்டால் உங்களுக்கு எளிதாகும். நெல்லை வழக்கும் மதுரை வழக்கும் வேறு என்பதை நாமறிவோம். தென்காசியில் பேருந்து ஏறி மதுரையில் இறங்கும் வரை, இந்த மைல்கல்லில் நெல்லை வழக்கு முடிந்தது என்று எவராவது காட்ட முடியுமா? இராசபாளையத்தில் கொஞ்சம், திருமங்கலத்தில் கொஞ்சம் என்று தேய்ந்து தேய்ந்து மாறுகிறது. துணையினத்தின் எல்லையும் பெரும்பாலும் அப்படியே. மேற்கே கணவாயைத் தாண்டினால் மலையாளம். ஒரு காலத்தில் தமிழின் மேற்கு வழக்காக இருந்தது இன்று தனிமொழி. எந்த நாள் இரவில் அது மொழியாயிற்று என்று கேட்டால் விடையில்லை, ஆனாலும் ஆயிற்று. துணையினம் சில நேரம் அவ்வாறே சிற்றினமாக முதிர்கிறது. 1956 நவம்பர் வரை நம் செங்கோட்டை திருவிதாங்கூரைச் சேர்ந்தது என்பதையும், அங்கே இரு மொழியும் ஒரே தெருவில் புழங்கியதையும் இங்குள்ள மூத்தோர் நினைவில் வைத்திருப்பீர்கள். எல்லை என்பது காகிதத்தில் வேறு, தெருவில் வேறு. ஒப்புமையை இதற்குமேல் இழுக்கக் கூடாது. மொழி காதால் கலக்கும். விலங்கு கருவால் மட்டுமே கலக்கும்.

இனி யானைக்கு வருகிறேன். ஆசிய யானைக்கு லின்னேயஸ் 1758இல் 'எலிஃபஸ் மாக்சிமஸ்' என்று பெயரிட்டார். அவர் உயிருள்ள யானையைப் பார்த்து அப்பெயரை இடவில்லை. ஆப்பிரிக்க யானை வேறு என்பதும் அவருக்குத் தெரியாது. இரண்டையும் ஒன்றென்றே எண்ணினார். பிரித்தவர் 1797இல் புளூமென்பாக். லின்னேயஸ் சான்றாகக் கொண்டவற்றுள் ஒன்று, சாராயச் சாடியில் பாதுகாக்கப்பட்ட ஒரு கருக்குட்டி. இன்றும் சுவீடனில் இருக்கிறது. 2013இல் அதன் புரதத்தையும் மரபணுவையும் சோதித்தபோது அது ஆப்பிரிக்க யானையின் குட்டி என்று தெரிந்தது. ஆசிய யானையின் பெயருக்கு ஆதாரமான மாதிரி ஆசிய யானையே அல்ல என்றால் என்ன செய்வது? மூல ஏடு வேறு நூலின் ஏடு என்று கண்டறிந்த பதிப்பாசிரியரின் நிலை.

நல்ல வேளையாக லின்னேயஸ் வேறொரு சான்றையும் குறித்திருந்தார். ஜான் ரே என்ற ஆங்கிலேய அறிஞர் இத்தாலியின் ஃபுளோரன்ஸ் நகரில் கண்டு வருணித்த ஒரு யானை எலும்புக்கூடு அது. அந்த எலும்புக்கூடு அந்நகரத்து அருங்காட்சியகத்தில் இன்னும் நிற்கிறது. அதையே பெயர் தாங்கும் மாதிரியாக ஆய்வாளர் நிலைநிறுத்தினர். அது யாருடைய எலும்பு என்பதும் தெரியவந்தது. 1630 அளவில் இலங்கையில் பிறந்து, 1633இல் ஆம்ஸ்டர்டாமுக்குக் கப்பலேற்றப்பட்ட ஒரு பெண் யானையினுடையது. ஹான்ஸ்கன் என்று பெயர். 'ஆனை' என்ற நம் பக்கத்துச் சொல்லுக்கு டச்சுக்காரர் கொடுத்த செல்ல வடிவமே அது என்பார்கள். ஊர் ஊராக வித்தை காட்டி ஐரோப்பாவைச் சுற்றிய அந்த யானையை 1637இல் ஓவியர் ரெம்ப்ராண்ட் சுண்ணக்கட்டியால் வரைந்தார். தோலின் ஒவ்வொரு சுருக்கமும் தெரியும். 1655 நவம்பரில் ஃபுளோரன்ஸில் இறந்தது. ஆசிய யானைகள் அனைத்தின் பெயரையும் இன்று தாங்கி நிற்பது, நாடுவிட்டு நாடு இழுத்துச் செல்லப்பட்ட அந்தக் கன்றின் எலும்புதான்.

பெயரிடும் விதி ஒன்று இங்கே வருகிறது. ஒரு சிற்றினத்தைத் துணையினங்களாகப் பிரிக்கும்போது, பெயர் தாங்கும் மாதிரி எந்த வட்டாரத்தைச் சேர்ந்ததோ அந்த வட்டாரத்துத் துணையினம் சிற்றினப் பெயரையே மறுபடி ஏற்கும். ஆகவே இலங்கை யானை 'எலிஃபஸ் மாக்சிமஸ் மாக்சிமஸ்' ஆயிற்று. நம் யானைக்கு 1798இல் கூவியே இட்ட 'இண்டிகஸ்' வந்து சேர்ந்தது. சுமத்திரா யானைக்கு 'சுமத்திரானஸ்'. போர்னியோ யானைக்கு 1950இல் இலங்கையின் தெரணியகல 'போர்னியென்சிஸ்' என்று பெயர் கொடுத்தார். இரட்டைப் பெயர் வந்ததால் இலங்கை யானை மூத்தது என்றோ, அதிலிருந்தே மற்றவை கிளைத்தன என்றோ கொள்ளக் கூடாது. முதலில் பதிவேட்டில் ஏறியது, அவ்வளவே.

இலங்கை யானை உண்மையில் வேறுதானா? இங்கே நம் கவிஞருக்குச் சார்பாகச் சொல்ல நிறைய இருக்கிறது. அந்நாட்டு யானைகளுக்குக் காதிலும் துதிக்கையிலும் நிறமிழந்த திட்டுகள் மிகுதி என்பர். ஆண் யானைகளில் தந்தமுள்ளவை மிகச் சில. நாம் கொம்பன் என்பதற்கு எதிராகத் தந்தமற்றதை அங்கே அலியன் என்பார்கள். நம் பக்கம் மோழை, மக்னா. தந்தமின்மையை இயற்கை இட்ட அடையாளம் என்றே நெடுநாள் எழுதி வந்தனர். 1995இல் சில ஆய்வாளர், இது மனிதன் செய்தது என்று வாதிட்டனர். கொம்பன்களையே தேடித் தேடிப் பிடித்தும் கொன்றும் ஏற்றுமதி செய்தும் வந்தால், மிஞ்சுவது கொம்பில்லாதவற்றின் சந்ததிதானே? அவ்வாறாயின் துணையினத்துக்குக் காட்டப்பட்ட முதல் அடையாளமே பல நூற்றாண்டு வேட்டையின் வடுவாகிறது.

மரபணுச் சான்றும் கவிஞர் பக்கமே சாய்கிறது. தாய்வழியாக மட்டும் இறங்கும் மைட்டோகாண்ட்ரியா டி.என்.ஏ.வைக் கொண்டு பார்த்தால் ஆசிய யானைகளில் இரு பெருங்குலங்கள் தெரிகின்றன. இரண்டும் இந்தியப் பெருநிலத்தில் உள்ளன; இரண்டும் இலங்கையிலும் உள்ளன. இலங்கைக்கென்று தனித்த கிளை இல்லை. வேறுவகைச் சோதனைகள் தனித்தன்மைக்கு மெலிதான ஆதரவு தருகின்றன, அதற்குமேல் இல்லை. காரணம் தேடி அலைய வேண்டாம். பனியூழிக் காலங்களில் கடல் தாழ்ந்தபோது பாக்கு நீரிணை தரையாகக் கிடந்தது, யானைகள் நடந்தன. கடல் ஏறிய பின் மனிதன் கடத்தினான். பன்னிரண்டாம் நூற்றாண்டில் முதலாம் பராக்கிரமபாகு பர்மாவோடு பகைத்துக்கொண்டதற்கு யானை வணிகமும் ஒரு காரணம். போர்த்துக்கீசியரும் டச்சுக்காரரும் வன்னியில் பிடித்த யானைகளை ஆனையிறவு வழியாகவே யாழ்ப்பாணக் குடாநாட்டுக்குள் கொணர்ந்தனர். அங்கிருந்து ஊர்காவற்றுறையில் கப்பலேற்றினர். ஊர்காவற்றுறையின் ஆங்கில வழக்கான 'கைட்ஸ்' என்பதும் யானைத் துறை என்று பொருள்படும் போர்த்துக்கீசியத் தொடரின் மிச்சம்தான். சோழமண்டலக் கரையிலிருந்து வணிகர் போய் வாங்கி வந்தனர். பழக்கிய பிடியைக் காட்டோரம் மேயவிடுவதும் காட்டுக் களிறு வந்து அதனோடு சேர்வதும் ஆசியாவெங்கும் உள்ள நடைமுறை. இத்தனைக்கும் பின் இரு கரை யானைகளும் வெகுவாக வேறுபட்டிருந்தால்தான் வியப்பு.

ஆகவே மார்கழிக் கூட்டத்து வழக்கில் என் தீர்ப்பு இது. சிற்றினம் ஒன்றே, அதில் ஐயமில்லை. துணையினப் பெயர் பட்டியலில் இருக்கிறது. ஆனால் அதன் கால் வலுவாக இல்லை. கவிஞர் தம் வரியை மாற்ற வேண்டியதில்லை.

இவ்வளவு மெலிந்த பெயர்களுக்காக ஏன் இத்தனை பேர் சண்டையிடுகிறார்கள் என்று கேட்கலாம். பெயர் சரியாக அமையாவிட்டால் சாவது கணக்கில் வராது என்பதே காரணம். ஆப்பிரிக்காவைப் பாருங்கள். அங்கே புல்வெளி யானையும் மழைக்காட்டு யானையும் உண்டு. காட்டு யானை சிறியது, காது வட்டம், தந்தம் நேராகக் கீழ்நோக்கி இறங்கும். நெடுங்காலம் அதைப் புல்வெளி யானையின் துணையினம் என்றே வைத்திருந்தனர். 2001 முதல் வந்த மரபணு ஆய்வுகள், இரண்டும் பல லட்சம் ஆண்டுகளாகப் பிரிந்தே வாழ்கின்றன என்றும், எல்லையில் சில இடங்களில் கலப்பு நேர்ந்தாலும் அது உள்ளே பரவவில்லை என்றும் காட்டின. 2021 மார்ச்சில் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் இரண்டையும் தனிச் சிற்றினங்களாக முதன்முறை மதிப்பிட்டது. அதுவரை ஆப்பிரிக்க யானை என்ற ஒரே தலைப்பில், 'ஊறுபடக்கூடியது' என்ற இளகிய படியில் இரண்டும் இருந்தன. பிரித்து எண்ணியதும் காட்டு யானை 31 ஆண்டுகளில் நூற்றுக்கு 86க்கு மேல் குறைந்துவிட்டது தெரிந்தது. அழிவின் விளிம்பு என்ற கடைசிப் படிக்கு அதை மாற்றினார்கள். புல்வெளி யானையின் கூட்டத்தை முன்னிறுத்திய சராசரி, காட்டுக்குள் நடந்த கொலையை மறைத்திருந்தது. போர்னியோ யானைக்கும் 2024இல்தான் தனி மதிப்பீடு வந்தது. ஏறத்தாழ ஆயிரமே எஞ்சியிருப்பதால் அதை ஆபத்துப் பட்டியலில் தனியே வைத்தனர்.

இதற்கு மறுபுறமும் உண்டு. பெயரே விலங்குக்குக் கேடாவதும் உண்டு. அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் பூமா என்னும் மலைச் சிங்கம், தனித் துணையினமாகப் பெயர் பெற்றது, 1990களின் தொடக்கத்தில் இருபது முப்பது என்ற அளவுக்கு வந்துவிட்டது. உறவுக்குள்ளேயே கூடிக் கூடி வால் முறுக்கியும், இதயம் பழுதாகியும், விரை இறங்காமலும் குட்டிகள் பிறந்தன. டெக்சாசிலிருந்து பெண் பூமாக்களைக் கொணர்ந்து விடலாம் என்றபோது, துணையினத்தின் தூய்மை கெடுமே என்ற தயக்கம் எழுந்தது. 1995இல் எட்டுப் பெண்களைக் கொண்டு வந்து விட்டார்கள். குட்டிகள் நலமாகப் பிறந்தன. கூட்டம் நூறைத் தாண்டியது. பின்னர், 2017இல், வட அமெரிக்கப் பூமா முழுவதும் ஒரே துணையினம் என்று வல்லுநர் குழு எழுதிவிட்டது. அந்தப் பெயருக்காகத் தயங்கிக்கொண்டே இருந்திருந்தால் காப்பாற்ற விலங்கு மிஞ்சியிருக்காது. சிற்றினங்களுக்கிடையே இப்படிச் செய்ய முடியாது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். காட்டு யானைக்குப் புல்வெளி யானையைக் கொண்டு வந்து 'புது இரத்தம்' ஊட்டுவது மருத்துவமாகாது.

இதையெல்லாம் எங்கோ நடக்கும் கதையாக நான் சொல்லவில்லை. நம் ஊருக்கு மேற்கே நாள்தோறும் பார்க்கிறோமே, அந்தச் செங்கோட்டைக் கணவாய், அதுவே யானை வரலாற்றில் ஒரு கோடு. பெங்களூரைச் சேர்ந்த ஆய்வாளர்கள் இந்திய யானைகளின் முழு மரபணுத் தொகுதியை ஆராய்ந்து 2024இல் வெளியிட்டனர். இந்தியாவில் யானைகள் ஐந்து தனிக் கூட்டங்களாக உள்ளன என்றனர். அவற்றில் மூன்று மேற்குத் தொடர்ச்சி மலையிலேயே இருக்கின்றன: பாலக்காட்டுக் கணவாய்க்கு வடக்கே ஒன்று, பாலக்காட்டுக்கும் செங்கோட்டைக்கும் இடையே ஒன்று, செங்கோட்டைக்குத் தெற்கே, அதாவது நம் அகத்தியமலைத் தொகுதியில் ஒன்று. யானைகள் வடக்கிலிருந்து தெற்கே படிப்படியாகக் குடியேறின. ஒவ்வொரு படியிலும் சிறு கூட்டமே முன்னேறியதால் தெற்கே வர வர மரபணுவின் பன்மை குறைந்தது. மிகக் குறைந்தது நம் அகத்தியமலையில்தான்.

இக்கூட்டத்துக்கு மூன்றாம் பெயர் கிடையாது. எல்லாம் 'இண்டிகஸ்'. பெயர் வேண்டுமென்றும் நான் கேட்க மாட்டேன்; முக்கால் பங்கு விதியை வைத்து அளந்தால் தேறாது என்றே நினைக்கிறேன். எவரும் ஒரு அகத்தியமலை யானையை வால்பாறை யானையிடமிருந்து கண்ணால் பிரித்துச் சொல்லிவிட முடியாது. நம் சட்டத்தில் யானைக்கு 1977 முதல் முதல் அட்டவணைப் பாதுகாப்பு உண்டு. துணையினம் எது என்று சட்டம் கேட்பதில்லை. 2022இல் அகத்தியமலை யானைக் காப்பகமும் அறிவிக்கப்பட்டது. ஆனால் கணவாய் அடைபட்டுக் கிடக்கிறது. 1904இல் அவ்வழியே இரயில் வந்தது, நெடுஞ்சாலை இருக்கிறது, தோட்டங்கள் இருக்கின்றன. யானைகள் முன்போல வடக்கும் தெற்கும் போய்வர வழியில்லை. கடல் பிரித்தது என்று கவிஞர் வருந்தினார். இங்கே பிரித்தவை எவை என்று பட்டியலிட நமக்கு வரைபடமும் தேவையில்லை, வீட்டு மாடி போதும்.

2023ஆம் ஆண்டு உங்களுக்கு நினைவிருக்கும். இடுக்கியின் சின்னக்கானலில் அரிசி தேடி வீடுகளை உடைத்த அரிக்கொம்பனை ஏப்ரல் இறுதியில் பிடித்துப் பெரியாறு காட்டில் விட்டார்கள். அது மே மாதம் கம்பம் நகருக்குள் வந்தது. சூன் 5ஆம் நாள் மீண்டும் பிடித்து, லாரியில் ஏற்றி, களக்காடு முண்டந்துறைக் காப்பகத்தின் மேல்காட்டில் கொண்டுபோய் விட்டார்கள். பத்திரிகைகளும் வழக்குமன்றங்களும் அந்த யானை பிழைக்குமா, திரும்பி வருமா, அரிசியின்றி என் செய்யும் என்றெல்லாம் பேசின. ஒன்றை மட்டும் அன்று பெரும்பாலோர் கவனிக்கவில்லை. நடுக்கூட்டத்தைச் சேர்ந்த ஓர் ஆண் யானை, தன் காலால் கடக்க முடியாத செங்கோட்டைக் கோட்டை லாரியில் கடந்து தென்கூட்டத்துக்குள் இறங்கியது. ஆய்வு வெளிவந்தது அதற்கு அடுத்த ஆண்டுதான்.

தென்கூட்டத்துக்கு ஒரு துணையினப் பெயர் இருந்திருந்தால் அன்றைக்கே தூய்மை கெட்டது என்று குரல் எழுந்திருக்கும். பெயர் இல்லாததால் குரலும் இல்லை, ஆராய்ச்சியும் இல்லை. என் கருத்தைக் கேட்டால், பன்மை குறைந்து நிற்கும் ஒரு சிறு கூட்டத்துக்கு வெளியிலிருந்து ஓர் ஆண் வருவதில் தீங்கைவிட நன்மையே மிகுதி. ஃபுளோரிடாவில் எட்டுப் பூமா செய்ததில் ஒரு சிறு பங்கை அது செய்யக்கூடும். ஆனால் அங்கே எண்ணித் துணிந்து செய்தார்கள். இங்கே அடங்காத யானையை எங்கே விடுவது என்ற அவசரத்தில் நடந்தது. நம் துறை நண்பர்கள் சிலர் இதில் என்னோடு உடன்படுவதில்லை. அடுத்த முறை அவர்களையும் அழையுங்கள்.

யானை சூல் தாங்குவது ஏறத்தாழ 22 மாதம். அரிக்கொம்பனுக்கு அங்கே கன்றுகள் உண்டாயினவா என்பதை இனி அந்தக் காட்டின் யானைச் சாணத்தைச் சேகரித்து, அதிலுள்ள மரபணுவைப் படித்துத்தான் சொல்ல முடியும். அதற்கு ஆண்டுகள் ஆகும். வட்டத்தின் இருபதாம் ஆண்டு மலருக்கு அதைப் பற்றி இளைஞர் ஒருவர் பேசட்டும். மார்கழியில் தொடங்கிய வாதத்துக்கு என் பங்கு இவ்வளவே. பெரியவர் தம் பேத்தியின் புத்தகத்தைக் கையோடு கொண்டு வந்திருப்பதைப் பார்க்கிறேன். அவரே முதல் கேள்வியைக் கேட்கட்டும்.